காப்புக் கட்டிய கையில் குளிசை

இந்த வருஷக் கந்தசஷ்டி ஆறு நாளும் நான் உப்புப் போட்ட கஞ்சி குடித்தேன். ஒளித்துக் குடிக்கவில்லை. கோயில் மண்டபத்தில், விரதகாரர் எல்லாரும் இருக்கும் இடத்தில், காப்புக் கட்டிய கையால் போத்தலைத் திறந்து குடித்தேன். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் என்று டொக்டர் எழுதித் தந்த குளிசையும் விழுங்கினேன். ஊரில் இதைப் பற்றி நடக்காத கதை இல்லை. கதைக்கிறவர்கள் பாதியைத்தான் கதைக்கிறார்கள். மிச்சத்தை நான் எழுதுகிறேன். நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவள் நான். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், அண்ணையின் வீட்டில் இருக்கிறேன். அண்ணை, அவருடைய மனைவி, நான், மூன்று பேர்தான். அண்ணையின் மனைவியை மச்சாள் என்று கூப்பிடுவேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. கலியாணம் சரிவரவில்லை. சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன்; கணிதத்தில் தவறி, விஞ்ஞானத்தில் மட்டுமட்டாகச் சித்தியடைந்தேன். வீட்டுக்குப் பின்னால் கொட்டில் ஒன்றில் மிளகாய்த்தூள் வறுக்கிறேன். செத்தல் மிளகாயையும் மல்லியையும் பெருஞ்சீரகத்தையும் தாச்சியில் தனித்தனியாக வறுத்து, மில்லில் கொடுத்து அரைப்பித்து, வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குப் பொதி கட்டிக் கொடுப்பேன். அது தனியாக இருந்து செய்யும் வேலை. எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

வருத்தம் தொடங்கியபோது அதை ஒரு நோய் என்று யாரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. முதலில் களைப்பு. ஒரு தாச்சி மிளகாய் வறுத்து இறக்கினால் நிலத்தில் இருக்கவேண்டி வந்தது. பிறகு சாப்பாடு இறங்கவில்லை. சட்டைகள் தொங்கின. எழும்பும்போது கண் இருட்டியது. அதற்கும் மேலாக, நான் கறுக்கத் தொடங்கினேன். ஒரேயடியாக இல்லை. முழங்கை, விரல் மூட்டு, பழைய சூட்டுத் தழும்பு என்று அங்கங்கே தொடங்கி, முகம் முழுவதும் பரவியது. கறுப்பைப் பற்றி எங்கள் ஆட்கள் கதைக்கும் விதம் எல்லாருக்கும் தெரியும். பால் வாங்கப் போனால் பால்காரர் கேட்டார். மில்லில் கேட்டார்கள். அடுப்புச் சூடு என்று மச்சாள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பதில் வைத்திருந்தா. வெளிநாட்டில் இருந்து வந்த ஒருத்தி, வெள்ளையாக்கும் கிறீம் ஒன்றை மிளகாய்த்தூள் வாங்க வந்த இடத்தில் என் கையில் வைத்துவிட்டுப் போனா. நன்றி சொல்லி வாங்கினேன். அந்த நன்றிக்காக இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம்.

இன்னொன்றும் இருந்தது. உப்பு. மாங்காயோடு, நெல்லிக்காயோடு தின்கிற உப்பு இல்லை, வெறும் உப்பு. குசினிக்குள் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து உப்புச் சட்டிக்குள் கையை விட்டு, கல்லுப்பு ஒன்றை எடுத்து வாய்க்குள் போட்டு, இனிப்புச் சூப்புவது போலச் சூப்புவேன். ஒருநாள் மச்சாள் பிடித்துவிட்டா.

"என்ன பிள்ளை, மாடு மாதிரி உப்பு நக்கிறீர்?" என்றா. பகிடியாகத்தான் சொன்னா. எனக்கு அழுகை வந்தது.

பங்குனி மாதம் கிணற்றடியில் மயங்கி விழுந்தபோதுதான் அண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு பெண் டொக்டர் என் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ரேகை பார்க்கிறார் என்றே நான் நினைத்தேன். ரேகைகள் மை பூசியதுபோலக் கறுத்திருந்தன. பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, பல்லைச் சுற்றியிருக்கிற முரசைப் பார்த்தார். அதிலும் கறுப்புத் திட்டு. மச்சாள் தன்னுடைய அடுப்புச் சூட்டுக் கதையைத் தொடங்கினா.

"முரசுக்குள்ளையுமோ அடுப்பு மூட்டுறவ?" என்று டொக்டர் கேட்டார்.

காலையில் இரத்தம் எடுத்தார்கள். ஒரு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் எடுத்தார்கள். அந்த ஊசி, சுரப்பியைத் தட்டி எழுப்பிப் பார்க்கிற ஊசி என்று தாதி சொன்னார். என்னுடையது எழும்பவில்லை.

அதிரீனல் சுரப்பி என்று பெயர். சிறுநீரகம் இரண்டுக்கும் மேலே ஆளுக்கொரு தொப்பி வைத்ததுபோல இருக்கும். தாதி என் கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் கீறிக் காட்டினார். கீறியதும் எனக்குப் பத்தாம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகம் ஞாபகம் வந்தது. அதிலே ஒரு மனிதன், ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல், உடம்புக்குள் அங்கங்கே சின்னச் சின்னச் சுரப்பிகளோடு நின்றான். கான் இல்லாத சுரப்பிகள் என்று படித்தோம். கான் என்றால் வாய்க்கால். வெங்காயத் தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீர் பாத்திக்குப் போக வாய்க்கால் வேண்டும். இந்தச் சுரப்பிகளுக்கு அது வேண்டாம். தாங்கள் செய்கிற ஓமோனை நேரே இரத்தத்துக்குள் விட்டுவிடும். இரத்தம் உடம்பெல்லாம் கொண்டு திரியும். தேவையானது மட்டும் அதை எடுத்துக்கொள்ளும். கோயில் ஒலிபெருக்கியில் ஒருவருடைய பெயரைச் சொன்னால் ஊர் முழுக்கக் கேட்கும், எழும்பிப் போவது அந்த ஆள் மட்டும்தானே. அப்படி.

பரீட்சைக்கு அதைப் பாடமாக்கினேன், எழுதினேன், மறந்துவிட்டேன். அது எனக்குள்ளும் இருக்கிறது என்று அப்போது ஒரு நாளும் தோன்றியதில்லை.

அந்தத் தொப்பியின் வெளிப்பகுதி செய்கிற ஓமோன்கள்தான் உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கின்றன. இரத்த அமுக்கத்தை விழாமல் தாங்குகின்றன. பசி, காய்ச்சல், அடிபடுதல், இழவு என்று எந்த இடி வந்தாலும் அதைத் தாங்கிக்கொள்ள உடம்புக்குப் பலம் கொடுக்கின்றன. என்னுடைய உடம்பின் காவல்காரரே அந்தச் சுரப்பியைப் பகை என்று எண்ணி அழித்துவிட்டார்களாம். காவலுக்கு நின்றவர்கள் வீட்டை இடிப்பதை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

உள்பகுதி வேறு வேலைக்காம். பயம் வந்தால் நெஞ்சை அடிக்க வைக்கிறதும், கையை நடுங்க வைக்கிறதும் அதிலிருந்து வருகிற ஓமோன். அது எனக்கு அநேகமாகச் சேதமில்லை என்று டொக்டர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லாம் போய், பயம் மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது.

கறுப்புக்கும் காரணம் சொன்னார். மூளைக்கு அடியில் பயறளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. கபச்சுரப்பி. அதுதான் மற்றவைகளுக்கு மேலாள். அதிரீனல் வேலை செய்யாவிட்டால் அது கூப்பிடும். பதில் இல்லாவிட்டால் இன்னும் பலமாகக் கூப்பிடும். கூப்பிட்டுக் கூப்பிட்டு அது இரத்தத்துக்குள் விடுகிற ஓமோன்தான் தோலைக் கறுக்க வைத்தது. என் வாழ்க்கையில் நான் ஒருவரையும் பலமாகக் கூப்பிட்டது கிடையாது. எனக்குள்ளே ஒன்று மாதக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் அதற்குக் கிறீம் பூசினோம்.

குளிசை தந்தார்கள். சுரப்பி செய்யாததைக் குளிசை செய்யும். ஒருநாளும் விடக்கூடாது, காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு போடவேண்டும், உப்பைக் குறைக்கக்கூடாது என்று டொக்டர் மூன்று தரம் சொன்னார். நான் மூன்று தரமும் தலையாட்டினேன். இரண்டு கிழமையில் பசி வந்தது. தாச்சியை ஒரு கையால் தூக்கினேன். ஆறு மாதத்தில் உள்ளங்கை ரேகைகள் வெளுத்தன.

ஆனால் வெளியில் சொல்லவேண்டாம் என்று மச்சாள் சொல்லிவிட்டா. சுரப்பி, ஓமோன் என்றால் சனம் என்ன என்னவோ நினைக்கும், அதுவும் கலியாணம் ஆகாத பொம்பிளைக்கு என்றா. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. குளிசையைப் பெருஞ்சீரகப் பேணிக்குள் வைத்து, கொட்டிலுக்குள் திரும்பி நின்று விழுங்கினேன். கிளினிக்குக்குப் போகும் நாட்களில் யாழ்ப்பாணத்தில் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஒரு முறை கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் வந்து இருந்தவ, எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கும் அக்கா. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவ. வாய்க்காரி. ஊரில் அவ வாயில் விழாத ஆள் இல்லை. அன்றைக்கு அவவும் ஒரு துணிப்பையை மடியில் பொத்திப் பிடித்தபடி என்னைப் பார்த்து முழித்தா.

"நான் உன்னைக் காணேல்லை. நீ என்னைக் காணேல்லை. சரியோ?" என்றா.

நான் ஓம் என்றேன். அவவுக்குச் சீனி வருத்தம். அதுவும் சுரப்பிப் பிரச்சினைதான். சதையி என்ற சுரப்பி செய்யவேண்டிய இன்சுலினைச் சரியாகச் செய்யாததால் அவ ஊசியால் ஏற்றிக்கொள்ளுகிறா. பஸ்சில் திரும்பும்போது நாங்கள் வேறு வேறு சீற்றில் இருந்தோம்.

இனிக் கந்தசஷ்டி. இதை அறியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். ஐப்பசியில் ஆறு நாள். முதல் நாள் ஐயர் தர்ப்பைக் காப்புக் கட்டிவிடுவார். கட்டினவர்கள் பகல் முழுக்கக் கோயிலில் இருந்து புராணம் கேட்பார்கள். சிலர் இரவில் பாலும் பழமும் எடுப்பார்கள். கடுமையாகப் பிடிக்கிறவர்கள் மிளகும் தண்ணீரும் மட்டும். உப்பு நாக்கில் படாது. ஆறாம் நாள் சூரன்போர், ஏழாம் நாள் காலை விரதம் முடிக்கிற பாறணைச் சோறு. நான் இருபத்தாறு வயதில் தொடங்கினேன். மிளகும் தண்ணீரும்தான். ஒரு வருஷமும் தவறவில்லை. என்னை விடப் படித்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், காசுள்ளவர்கள் எல்லாரும் மூன்றாம் நாள் வாடி விழும்போது நான் நேரே இருப்பேன். ஊரில் நான் ஒருவருக்கும் குறைவில்லை என்று எனக்கே தோன்றுகிற ஆறு நாள் அதுதான். வருஷத்தில் வேறு நாள் எனக்குக் கிடையாது.

போன வருஷம் ஐப்பசி வந்தபோது நான் யோசித்தேன். குளிசை உணவா, மருந்தா? மச்சாளைக் கேட்டேன். வாயில் வைத்து விழுங்கினால் எல்லாம் ஒன்றுதானே என்றா. பக்கத்து வீட்டுக்காரி, ஆறு நாள் விட்டுப் பார், வருத்தமே போய்விடும், முருகன் பார்த்துக்கொள்ளுவான் என்றா. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் சொல்லாவிட்டாலும் நான் விட்டிருப்பேன். டொக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும். காப்பைக் கட்டிக்கொண்டு, குளிசையையும் உப்பையும் ஒரே நாளில் விட்டேன்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இதற்குத்தானா இவ்வளவு பயம் காட்டினார்கள் என்று கூட நினைத்தேன். இரண்டாம் நாள் கால் உளைந்தது, வயிற்றைப் பிரட்டியது. விரதம் என்றால் அப்படித்தான் என்று இருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானப் பூசைக்கு எழும்பி நின்றபோது மணிச் சத்தம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. உடம்பு குளிர்ந்து, நடுங்கத் தொடங்கியது. தூணைப் பிடிக்கப் போனேன், தூண் இல்லை.

விழுந்த பிறகும் எனக்குக் காது கேட்டது. கலை வந்திட்டுது என்று யாரோ சொன்னார்கள். எங்கள் கோயில்களில் தெய்வம் ஆளில் இறங்குவதை அப்படித்தான் சொல்லுவார்கள். ஆடி, நடுங்கி, விழுவார்கள். பிறகு வாக்குச் சொல்லுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக மிளகு தண்ணீரோடு விரதம் இருக்கிற கன்னி, பூசை நேரத்தில் நடுங்கி விழுந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். நெற்றி நிறைய விபூதி அப்பினார்கள். வேப்பிலையால் வீசினார்கள். யார் வந்திருக்கிறீர்கள், என்ன குறை, சொல்லுங்கோ என்று கைகூப்பிக் கேட்டார்கள். அந்த மண்டபத்தில் அதுவரை எந்த விஷயத்திலும் என்னிடம் ஒருவரும் ஒரு அபிப்பிராயம் கேட்டதில்லை. அன்றைக்கு எல்லாரும் கேட்டார்கள். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. ஒரு மனுசி குனிந்து, தன் மகனுக்கு விசா கிடைக்குமோ என்று என் காதுக்குள் கேட்டா. நான் செத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒழுங்கை அக்கா சனத்தை இடித்துக்கொண்டு வந்தா. என் கையைத் தொட்டுப் பார்த்தா.

"தள்ளுங்கோ. உது கலை இல்லை, வருத்தம். இவள் மருந்தை விட்டிட்டாள்."

கோயில் தலைவர் அங்கே நின்றார். பெரிய மனிதர், பெரிய குரல். "உமக்கென்னெண்டு தெரியும்?" என்று கேட்டார்.

"ஏனெண்டால் நானும் அந்தக் கிளினிக்குக்குப் போறனான். எனக்குச் சீனி. ஊசி போடுறனான். இந்தக் காப்போடையும் போடுறனான். போட்டிட்டுக் கிணத்தடிக்குப் போய் ரெண்டு வாழைப்பழம் திண்டிட்டு வந்து உங்களோடை இருந்து புராணம் கேக்கிறனான். இப்ப தெரிஞ்சுதோ? ஒரு ஓட்டோவைக் கூப்பிடுங்கோ."

ஓட்டோவுக்கு ஓடினது தான்தான் என்று அண்ணை பிறகு சொன்னார். எனக்கு அதற்குப் பிறகு ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி ஏற்ற இடம் வேண்டுமென்று காப்பை வெட்டினார்கள். மருந்தையும் உப்புத் தண்ணீரையும் நரம்புக்குள் விட்டார்கள். பின்னேரம் கண் திறந்தபோது மச்சாள் வெட்டின காப்பைக் கைலேஞ்சியில் முடிந்து வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தா. காப்பு வெட்டுப்பட்டதற்கு அழுதாவோ எனக்கு அழுதாவோ தெரியாது. இரண்டுக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

அதே டொக்டர் வந்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஒரு சுகமான ஆள் பட்டினி கிடந்தால் உடம்புக்குள் என்ன நடக்கும் என்று சொன்னார். சாப்பாடு வராவிட்டால் இரத்தத்தில் சீனி விழும். உடனே அதிரீனல் தன் ஓமோனைக் கூட்டி விடும். அது ஈரலிடம் போய், வைத்திருப்பதை வெளியே விடு, இல்லாவிட்டால் செய்து கொடு என்று கேட்கும். உப்பு வராவிட்டால் சிறுநீரகத்திடம் போய், இருக்கிற உப்பை வெளியே விடாதே என்று தடுக்கும். இப்படித்தான் ஆட்கள் ஆறு நாள் தாங்குகிறார்கள்.

அவர் போன பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இருபத்தொரு வருஷம் நேரே இருந்தது நான் என்று நினைத்திருந்தேன். எனக்குள்ளே இரண்டு சின்னத் தொப்பிகளும் என்னோடு சேர்ந்து விரதம் பிடித்திருக்கின்றன. மண்டபத்தில் இருக்கிற எல்லாருக்குள்ளும் அவை இருந்து விரதம் பிடிக்கின்றன. அவர்களுடைய பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய சுரப்பி இரகசியமாகச் செய்கிறதை என்னுடைய குளிசை வெளிவெளியாகச் செய்கிறது. இதில் எது விரதத்தை முறிக்கிறது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அடுத்த கிளினிக்கில், வாழ்க்கையில் முதல் தடவையாக, நானாக ஒரு கேள்வி கேட்டேன். கை நடுங்கியது, நெஞ்சு அடித்தது. பத்திரமாக இருக்கிற அந்த உள்பகுதி தன் வேலையைச் செய்தது. செய்யட்டும் என்று கேட்டேன்.

"டொக்டர், நான் இனி விரதம் பிடிக்க ஏலாதோ?"

அவர் என் கொப்பியை மூடி வைத்தார். "பட்டினி கிடக்க ஏலாது. மரக்கறிச் சாப்பாடோடை, உப்போடை, குளிசையோடை கோயிலிலை போய் இருக்கிறது உங்கடை விருப்பம். அதுக்குப் பேர் விரதமோ இல்லையோ எண்டு நான் சொல்ல மாட்டன்."

அதை நான் சொல்லுவேன் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் ஊர் தன் கதையைக் கட்டி முடித்திருந்தது. காப்பு வெட்டுப்பட்டது சாமி குற்றம். வருத்தத்தை மறைத்துக் காப்புக் கட்டினது அதைவிடப் பெரிய குற்றம். என்னை விட அக்காவுக்குத்தான் அடி விழுந்தது. வாழைப்பழ விரதம் என்று பெயர் வைத்தார்கள். அவ ஒழுங்கையால் போகும்போது பழம் விலை என்ன என்று கேட்டார்கள். ஊரெல்லாரையும் பகிடி பண்ணினவ, தனக்கு வந்தபோது தாங்கவில்லை. வீட்டுக் கேற்றைப் பூட்டிக்கொண்டா. என்னைக் காப்பாற்றினதற்கு அவ கொடுத்த விலை அது. நான் போய் இரண்டு முறை கேற்றைத் தட்டினேன். மூன்றாம் முறைதான் திறந்தா.

இந்த வருஷம் காப்புக் கட்டுக்கு ஒரு கிழமை இருக்கும்போது அண்ணை கொட்டிலுக்குள் வந்தார். வழக்கமாக வரமாட்டார், மிளகாய் நெடி அவருக்குத் தும்மல். வாசலில் நின்று, தலைவர் கூப்பிட்டுச் சொன்னதைச் சொன்னார்.

"இந்த முறை நீ காப்புக் கட்டவேண்டாமாம். வீட்டிலை இருந்து கும்பிடட்டாம். கோயிலிலை ஒரு உயிர் போனால் ஆர் பதில் சொல்லுறது எண்டு கேக்கிறார்."

நான் மல்லியைக் கிளறிக்கொண்டிருந்தேன். மல்லி சட்டென்று கருகும், விட ஏலாது.

"நீ ஒண்டும் கதைக்காமல் இருந்தால் நான் ஓம் எண்டு சொல்லிவிடுறன்," என்றார் அண்ணை. அவரைக் குறை சொல்ல முடியாது. நாற்பத்தெட்டு வருஷமாக நான் ஒன்றும் கதைக்காவிட்டால் ஓம் என்றுதான் அர்த்தம்.

தாச்சியை இறக்கி வைத்தேன். "அண்ணை, போன முறை நான் விழுந்தது விரதம் பிடிச்சதாலை இல்லை. குளிசையை ஒளிச்சதாலை. ஒளிக்காமல் இருந்தால் விழமாட்டன். நான் கட்டப் போறன்."

"உப்புக் கஞ்சி குடிச்சுக்கொண்டோ? உது விரதமோ, வருத்தக்காரர் சாப்பாடோ?"

"ரெண்டும்தான்," என்றேன்.

அண்ணை தும்மினார். பிறகு, சனம் சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு மல்லி கொஞ்சம் கருகித்தான் போயிருந்தது.

அக்காவையும் வரச்சொல்லிக் கேட்டேன். அவ மாட்டன் என்றா. "நீ வாயில்லாப் பூச்சி எண்டு நினைச்சன். எனக்கிருந்த வாயையும் நீ எடுத்துக்கொண்டுட்டாய் போலை," என்று சிரித்தா. ஆனால் வரவில்லை. அவ வரவேண்டும் என்று நான் எவ்வளவோ விரும்பினேன். ஊசி போட்டுக்கொண்டு உயிரோடு இருப்பதற்காக ஒரு மனுசியை வெட்கப்பட வைத்த ஊர் இது. அந்தக் கோபத்தையும் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

காப்புக் கட்டும் வரிசையில் என் முறை வந்தபோது இடது கையை நீட்டினேன். ஐயர் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, எல்லாருக்கும் தெரிந்தது. நான் அதை மறைக்கவில்லை, மடக்கவும் இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"ஐயா, நான் குளிசை போடுவன். உப்புக் கஞ்சி குடிப்பன். இஞ்சை இருந்துதான் குடிப்பன். இப்பவே சொல்லிப்போட்டன். கட்டுறதெண்டால் கட்டுங்கோ."

இவ்வளவு நீளமாக நான் கோயிலில் கதைத்தது அதுதான் முதல் தரம். ஐயர் தர்ப்பையை முறுக்கினார். பிறகு, முருகனுக்குத் தெரியாத மருந்தோ என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கட்டிவிட்டார்.

முதல் நாள் போத்தலைத் திறந்தபோது புராணம் படிக்கிறவர் ஒரு சொல்லில் தடுக்கினார். விசா கேட்ட மனுசி பாயை இழுத்துக்கொண்டு தள்ளி இருந்தா. இரண்டாம் நாள் ஒரு இளம் பிள்ளை வந்து, மாமி, இந்தக் கழுத்து வீக்கத்துக்கும் அந்தக் கிளினிக்தானோ என்று காதோடு கேட்டது. ஓம், தைரொயிட்டும் அங்கேதான் என்றேன். மூன்றாம் நாள், போன வருஷம் விழுந்த அதே பூசை நேரம், மச்சாள் எனக்குப் பின்னால் வந்து நின்றா. பிடிப்பதற்காக என்று தெரியும். நான் விழவில்லை. பூசை முடிந்ததும் போனா. ஐந்தாம் நாள், நான் மறந்துவிட்டுப் போன கஞ்சிப் போத்தலை ஓடிவந்து தந்தா. அவ என்னோடு முழுதாகச் சமாதானம் ஆகிவிட்டா என்று சொல்ல மாட்டேன். பாறணை அன்று, இது பாறணையோ என்று ஒரு வார்த்தை விட்டுத்தான் சோறு போட்டா.

எனக்கு முதல் இருபத்தொரு வருஷத்தைப்போல இந்த ஆறு நாளும் இருக்கவில்லை. அப்போது பசி ஒரு பெருமை. இப்போது பசி இல்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு நாளும் இரண்டு தரம், நூறு கண்களுக்கு முன்னால் வாயைத் திறந்து ஒரு குளிசையை வைக்கவேண்டும். கூச்சம் பிடித்த ஒருத்திக்கு மிளகு தண்ணீரை விட அது கடினம். யாராவது இதை விரதம் இல்லை என்றால், அவர்கள் ஒருநாள் செய்து பார்க்கட்டும்.

ஆறாம் நாள் சூரன்போர். வீதி முழுக்கச் சனம், வெயில், மணல் கொதித்தது. சூரன் சிங்கமுகத்தோடு அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தான், வேல் இந்தப் பக்கம் நின்றது. என்னுடைய மத்தியானக் குளிசை நேரம் வந்துவிட்டது. கோயில் மதிலோடு ஒதுங்கி, போத்தலைத் திறந்து குளிசையை விழுங்கினேன். தலைவர் வெறும் மேலோடு, வேட்டியைச் சால்வையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சனத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டு நின்றார். ஆறு நாளும் என்னோடு ஒரு சொல்லும் கதைக்காதவர்.

"குளிசை போட்டாச்சோ?" என்று கேட்டார். அதட்டலாகத்தான் கேட்டார். ஆனால் ஆறு நாளும் மனிதர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஓம்," என்றேன். அவர் முகம் வேர்த்து, வெளிறிப் போயிருந்தது. காலை தொடக்கம் வெயிலில் நிற்கிறார். அதனால் கேட்டேன். "நீங்கள் உங்கடையைப் போட்டாச்சோ?"

அவருடைய கை தன்பாட்டில் இடுப்பு மடியில் முடிந்திருந்த சின்னப் பொட்டலத்தைத் தொட்டது. தொட்டதை நான் கண்டேன் என்று அவருக்கும் தெரியும். நான் என்னுடைய தண்ணீர்ப் போத்தலை அவருக்கு நேரே நீட்டினேன்.